ஏழாம் எண் புத்தகம்

நந்திதுர்க், தங்க வயல்
6 ஜனவரி 2025

அன்பு லவினாவுக்கு,

உன் பழைய நம்பர் இப்போது அனில் என்ற ஒருவரிடம் இருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அவர் பொறுமையாக "ராங் நம்பர் மேடம்" என்றார். நான்காவது முறை கூப்பிட எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் உன் அம்மாவிடம் விலாசம் வாங்கி இதை எழுதுகிறேன். பதினோரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கடிதம் போடுகிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது.

நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நம் ஊரைப் பற்றிப் படிக்கக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று ஆரம்பித்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கதை. பெயர் 'செப்பு அண்டா'. கிளிஞ்சல் இளையோர் நூல் விருதுக்குப் பன்னிரண்டு புத்தகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதில் என்னுடையதும் ஒன்று. பரிசு கிடைத்தால் நானூறு பள்ளி நூலகங்களுக்குப் போகும்.

அங்கே ஒரு முறை இருக்கிறது. அட்டையைக் கிழித்து, எழுதியவர் பெயரை மறைத்து, எண் போட்டு மதிப்புரையாளர்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் எழுதுவதைப் பெயர் போடாமல் ஒரு மடலில் அச்சிட்டு நடுவர்களுக்குக் கொடுப்பார்கள். பதிப்பாளருக்கும், சந்தா கட்டியவர்களுக்கும் ஒரு பிரதி வரும். என் புத்தகம் ஏழாம் எண். அதைப் பற்றி வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"பூமிக்குள் பாறை வெடித்து ஊரே குலுங்கும்போது, அப்பா ஷிஃப்டில் இருக்க, மகள் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் குளிக்க வெந்நீர் போடுகிறாளாம். நான் தங்க வயலில் பிறந்தவள். ஏர்பிளாஸ்ட் அன்று அங்கே ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. எல்லோரும் சுரங்கத்து ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். இப்படி ஒரு மகள் அந்த ஊரில் இருந்ததில்லை. ஊர் தெரியாமல் எழுதிய புத்தகம் இது."

ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் பங்களாவில் வளர்ந்த யாரோ ஒரு அம்மாவாக இருக்கும். நான் பொய் எழுதினேன் என்கிறாள்.

என் கதையில் வரும் அந்தப் பெண் நீதான் லவினா. உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு. பெயரை மாற்றினேன், வருஷத்தை மாற்றினேன், அது போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். போதாது என்று இப்போது தெரிகிறது. திட்டு. ஆனால் திட்டிவிட்டு, அது நடந்தது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. வேறு யாருக்கும் காட்ட மாட்டேன்.

உன்
லதா

கே.ஆர்.புரம், பெங்களூரு
14 ஜனவரி 2025

அன்பு லதா,

பொங்கல் வாழ்த்து. உன் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய், திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்து, ஐந்து நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

பங்களாவில் வளர்ந்த அம்மா நான்தான். அந்த மதிப்புரையை எழுதியவள் நான்.

பத்து வருஷமாக அவர்களுக்கு எழுதுகிறேன். வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வருஷத்துக்கு நான்கைந்து புத்தகம் வரும். முதலில் என் மகள் ஸ்வீட்டி படிப்பாள். பதினான்கு வயது, வாய் நீளம். சலிப்புத் தட்டுகிற பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிடுவாள். அதைப் பார்த்துவிட்டு நான் படித்து எழுதுவேன். உன் புத்தகமும் அப்படித்தான் வந்தது, அட்டை இல்லாமல், ஒரு எண்ணோடு. யார் எழுதியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை லதா. பதிமூன்று வயது, வீட்டில் சாவு. ஓடினேன் என்றுதான் ஞாபகம். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நினைவில் இருந்ததை எழுதிவிட்டேன். உன்னை நோகடிக்க எழுதியதில்லை.

என்னைக் கேட்காமல் எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. நான் கோபப்பட இடமும் இல்லை. மன்னித்துக்கொள்.

அன்புடன்
லவினா

நந்திதுர்க்
21 ஜனவரி 2025

அன்பு லவினா,

படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நம்பு. பங்களா அம்மாவுக்காக எவ்வளவு வசவு சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? எல்லாம் வீண். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு மறந்துவிட்டது என்கிறாய். நான் சொல்கிறேன், கேள்.

ஒரு சனிக்கிழமை. நீயும் நானும் உங்கள் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பத்தே கால் இருக்கும். தரை தூக்கிப் போட்டது. உங்கள் அலமாரியில் இருந்த தட்டெல்லாம் விழுந்தது. உன் அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சுரங்க லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரும் ஓடினார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ வரவில்லை. "அப்பா வந்ததும் வெந்நி கேப்பாரு" என்று பின்பக்கம் போய் அடுப்பு மூட்டினாய். அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய கட்டைகள் அங்கே கிடந்தன. அண்டாவில் தண்ணீர் கொதித்து வற்ற வற்ற ஊற்றினாய். உங்கள் வீட்டில் தண்ணீர் தீர்ந்ததும் எங்கள் வீட்டிலிருந்து மூன்று குடம் நான் தூக்கிவந்தேன். அதற்காக என் அம்மா தாயம்மாளிடம் நான் அடி வாங்கியது தனிக்கதை.

"ஏன்டி போகல?" என்று கேட்டேன். "போய்ப் பாத்தாதான் தெரியும். பாக்காத வரைக்கும் அப்பா வந்துகினு இருக்காரு" என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் அந்தப் புத்தகமே எழுதினேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் அழுதுகொண்டு திரும்பி வந்தது. நீ பின்வாசல் வழியாகப் போய் அதில் சேர்ந்துகொண்டாய். உன் அம்மா "எங்கடி இருந்த?" என்று கேட்டபோது, "பின்னாடி நின்னுனு இருந்தேம்மா" என்றாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிச்சமிருந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றி, இன்னும் இரண்டு கட்டையைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீ செய்தது குறை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. புத்தகத்திலும் அப்படி எழுதவில்லை. படித்திருப்பாயே.

இப்போது ஒரே ஒரு உதவி. நடுவர்கள் பிப்ரவரி பதினைந்தாம் தேதி கூடுகிறார்கள். அதற்கு முன் மடலில் உன் பெயர் போட்டு ஒரு திருத்தம் எழுது. 'அந்த ஊரில் அப்படி ஒரு மகள் இருந்தாள்' என்று. பெயர் இல்லாமல் எழுதினால் எடுபடாது. ஊர்க்காரி சொன்னதை ஊர்க்காரிதான் மாற்றவேண்டும்.

இன்னொன்று. மடலில் உன்னுடையவை எவை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மூன்று மதிப்புரைகளின் கடைசியில் 'இதைப் படித்த பதினான்கு வயது வாசகி சொன்னது' என்று ஒரு வரி இருக்கிறது. என்னுடையதில் மட்டும் இல்லை. ஸ்வீட்டி அதைப் படிக்கவில்லையா?

உன்
லதா

கே.ஆர்.புரம்
3 பிப்ரவரி 2025

அன்பு லதா,

பதில் தாமதமாகிவிட்டது. ஆபீசில் ஆடிட், ஸ்வீட்டிக்கு ஜுரம். இரண்டும் உண்மைதான், இருந்தாலும் சாக்குதான்.

பெயர் போட்டு எழுத விதி இடம் கொடுக்காது. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இப்போது கேட்டால் உன்னையும் என்னையும் சேர்த்துப் பேசுவார்கள். அது உனக்கே பாதகமாகப் போகும்.

அம்மாவையும் யோசித்துப் பார். மடல் நம் ஊர் சர்ச்சில் இரண்டு பேருக்காவது வருகிறது. அம்மா இத்தனை வருஷமாக எல்லோரிடமும், "அவங்க அப்பா போன அன்னிக்கு எம் பொண்ணு எங்கூடவே ஷாஃப்ட்டாண்ட நின்னா" என்று சொல்லி வருகிறாள். எண்பது வயதில் அவளிடம் போய் அது பொய் என்று சொல்வதா? நடுவர் கூட்டம் முடியட்டும். அடுத்த வருஷம் வேறு எங்காவது உன் புத்தகத்தைப் பற்றி நல்லபடியாக, நீளமாக எழுதுகிறேன். சத்தியம்.

ஸ்வீட்டிக்கு அப்போது பரீட்சை. அதனால்தான்.

லவினா

நந்திதுர்க்
24 பிப்ரவரி 2025

லவினா,

பரிசு வேறொரு புத்தகத்துக்குப் போய்விட்டது. நல்ல புத்தகம்தான், வாங்கிப் படித்தேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நடுவர் ஒருவர் என் பதிப்பாளரிடம் சொன்னாராம்: "எங்களுக்கு ஏழு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆனா உள்ளூர்க்காரங்களே அப்படி இல்லைன்னு சொல்றப்போ நாங்க எப்படிக் கொடுக்கிறது?"

பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டியிருந்தது, அவர்கள்தான் பிரார்த்தனை எல்லாம் செய்தார்களே. ஷெர்வின் என்று ஒரு வாலு, "மிஸ், நீங்க எழுதினது இன்னா பொய்யா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப யாராச்சும் அத சொல்லலாமே மிஸ்" என்றான். கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

நேற்று சர்ச் முடிந்து வந்த உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். விலாசம் கொடுத்தாரே, ஒரு நன்றி சொல்லலாம் என்று. காபி கொடுத்துவிட்டு அதே கதையைச் சொன்னார். எம் பொண்ணு எங்கூடவே நின்னா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். முப்பத்து நான்கு வருஷமாக ஆட்டுகிறேன். உன் பொய்யை நான் அத்தனை நாள் காப்பாற்றினேன். என் உண்மைக்கு உன்னால் ஒரு வரி தர முடியவில்லை.

உன்னைக் கேட்காமல் எழுதினேன். அது என் தப்பு, அதை நான் சுமந்துகொள்கிறேன். உன்னுடையதை நீ சுமந்துகொள். இனிக் கடிதம் வேண்டாம்.

லதா

நந்திதுர்க்
16 மார்ச் 2025

லதா,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். தபாலில் போடவில்லை. நான்கு தெரு தள்ளி, அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். உன் வாசல்வரை வந்து கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. இதைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு மத்தியான வண்டிக்குப் போய்விடுவேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதுவும் மறக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் அண்டாவில் தண்ணீர் ஊற்றும்போதே இதை எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் அதைப் பார்த்தது நீ ஒருத்திதான். அட்டையைக் கிழித்து, பெயரை மறைத்து அனுப்புகிறார்கள், பாவம். என்னிடம் எதை மறைக்க முடியும்?

பயந்துவிட்டேன். பரிசு கிடைத்தால் நானூறு பள்ளிக்கூடம், பிறகு நம் ஊர், பிறகு அம்மா. உன் புத்தகம் நன்றாக இல்லை என்று எழுத முடியாது, அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால் அது உண்மை இல்லை என்று எழுதினேன். தங்க வயலில் பிறந்தவள் என்று வேறு போட்டுக்கொண்டேன், யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது என்று. தெரிந்தே செய்தேன். முதல் கடிதத்தில் தெரியாது என்றதும் பொய். ஓடினேன் என்று ஞாபகம் என்றதும் பொய்.

ஸ்வீட்டிக்குப் பரீட்சை என்றதும் பொய்தான். அவள் இரண்டு முறை படித்தாள். ஒரு மஞ்சள் சீட்டுகூட ஒட்டவில்லை. மூடி வைத்துவிட்டு, "மம்மி, இந்தப் பொண்ணு பெரியவளானப்பறம் யார்கிட்டயாவது சொன்னாளா?" என்று கேட்டாள். அதைத்தான் நான் மதிப்புரையின் கடைசியில் எழுதியிருக்கவேண்டும்.

உன் கடைசிக் கடிதம் வந்த வாரம் என் பெயர் போட்டுத் திருத்தம் எழுதி அனுப்பினேன். மார்ச் மடலில் வந்திருக்கிறது, ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. பரிசை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி எனக்குப் புத்தகம் அனுப்பவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இதெல்லாம் ஒரு மாதம் தாமதம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தை உனக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

மடல் சர்ச்சுக்கு வருவதற்குள் அம்மாவிடம் நானே சொல்லவேண்டும் என்று நேற்றுக் காலை வண்டியில் வந்தேன். பங்காருபேட்டையில் வண்டி அரை மணி நின்றது. அப்படியே இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "இன்னாம்மா, பாத்ரூமா? அந்தப் பக்கம்" என்று வழி காட்டினார். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கண் சரியில்லை. அதனால் அந்த அத்தியாயத்தை நான் வாசித்தேன். அவள் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அம்மா, இது நான்தான். நான் அன்னிக்கு ஷாஃப்ட்டுக்கு வரவே இல்ல" என்றேன்.

டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தெரியுமே. சாய்ங்காலம் ஆறு மணிக்கு உங்க அப்பாவ ஆசுபத்திரில இருந்து கொண்டாந்தாங்க. குளிப்பாட்டணும்னு பக்கத்து வீட்டு ஐடாக்கா தண்ணி தேடினா. லைன்ல ஒரு வீட்லயும் பைப்பு வரல. பின்னால போய்ப் பாத்தா அண்டா நெறைய வெந்நி கீது. அடுப்புல நெருப்புகூட அணையல. நீ எங்கூட நின்னிருந்தா அத யாருடி போட்டது?"

"அப்ப ஏம்மா எல்லார்ட்டயும் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"நீ அப்பிடித்தான சொன்ன. கொழந்த சொல்லுதே, அதுக்கு அது வேணும்போல கீதுன்னு நானும் அதையே சொல்லிக்கினு வந்தேன். நீ இல்லேம்மான்னு ஒருநாள் சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். இவ்ளோ வருசம் ஆக்கிட்ட." பிறகு பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "உங்க அப்பா வெந்நி இல்லாம குளிக்கவே மாட்டாரு. அன்னிக்கும் வெந்நிலதான் குளிச்சிட்டுப் போனாரு. நீ போட்டது வீணாப் போவல."

நான் அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மூன்று மணிக்கே பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். ஆறு மணிவரை அந்த அண்டாவில் தண்ணீர் இருந்ததும், நெருப்பு அணையாமல் இருந்ததும் நீ ஊற்றிய குடத்தால், நீ செருகிய இரண்டு கட்டையால். நீ உன் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், அது எதற்கு ஆனது என்று உனக்கே தெரியாமல். என் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய வெந்நீரை வைத்தவள் நீ. உன்னைத்தான் ஊர் தெரியாதவள் என்று எழுதினேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணா? போன மாசம் வந்து காபி குடிச்சுட்டு ஒண்ணுமே சொல்லாம போச்சே" என்றாள்.

இரண்டாம் பதிப்பு வந்தால் இதைச் சேர்த்துக்கொள். அம்மாவைக் கேட்டாகிவிட்டது. என்னைக் கேட்கவேண்டியதில்லை. விடுவதானாலும் உன் இஷ்டம், அது உன் புத்தகம்.

மன்னித்துக்கொள் என்று ஜனவரியில் சுலபமாக எழுதிவிட்டேன். இப்போது அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவின் நினைவு நாளுக்குச் சாப்பாடு. "கட்டை வெச்ச பொண்ண வரச்சொல்லு" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நீ போ. அவளுக்காகவாவது போ. அன்று நானும் அங்கே இருக்கலாமா, கூடாதா என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு. கூடாது என்றால் வரமாட்டேன், அம்மாவுக்கு ஏன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், உண்மையாகவே.

லவினா